குறையாத பிரேக் எண்ணெய்

குறைய வேண்டியது குறையவில்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஞாயிறு காலை காரின் முன்மூடியைத் தூக்கி, கம்பியில் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு உள்ளே குனிந்த சின்னவளுக்கு அப்படித்தான் பட்டது.

வாசலில் சமதளமான இடம் அந்தக் கார் நிற்குமளவுக்குத்தான் உண்டு. அதைத் தாண்டினால் தெரு சறுக்குமரம்போல இறங்கும். ஆஸ்பத்திரி மலையடிவாரத்தில். நடுவில் வளைவுக்கு மேல் வளைவு. வீட்டில் அக்கா நிறைமாதம். எந்த நேரம் வலி எடுத்தாலும் அவளையும் வயிற்றிலிருப்பதையும் ஏற்றிக்கொண்டு இந்தக் கார்தான் இறங்க வேண்டும். அதனால்தான் சின்னவள் ஞாயிறு தவறாமல் எஞ்சின் சூடாகும் முன் இதைத் திறந்து பார்க்கிறாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். காரோடு வந்த கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தவளும் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது கண்ணாடி துடைக்க உதவும் காகிதம்.

எஞ்சின் எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி சொருகி எடுத்துப் பார்த்தாள். கொஞ்சம் இறங்கியிருந்தது. இறங்கட்டும், ஓடுகிற வண்டி. டயர்களை விரலால் தடவினாள். அக்காவைக் கூப்பிட்டு விளக்குகளைப் போடச் சொல்லி, சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். ரேடியேட்டர் தண்ணீர்ப் பாட்டில் மேல்கோடு வரை நிறைந்திருந்தது. அதன் பச்சை மட்டும் கொஞ்சம் வெளுத்தாற்போல இருந்தது. பிறகு பிரேக் எண்ணெய் இருக்கும் சின்னப் பாட்டில். அதுவும் மேல்கோட்டில், துளிகூடக் குறையாமல்.

அங்கேதான் இடித்தது. போன ஞாயிறுகூட அது இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. பிரேக் கட்டை தேயத் தேய இந்த எண்ணெய் கீழே இறங்கிக்கொண்டே வரும். இறங்குவதுதான் அது பேசும் பாஷை: 'கட்டை தேய்ந்துவிட்டது, வந்து பார்.' இடையில் ஒருவர் ஊற்றி நிரப்பினால் அதன் வாயைப் பொத்தியதாக அர்த்தம். நிறைகுடம் தளும்பாது, சரி. குறையவும் குறையாதா என்ன?

"அத்தான், பிரேக் ஆயில் ஊத்தினீங்களா?"

வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்தார் அக்காவின் கணவர். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. வாரநாட்களில் கார் அவர் கையில்தான். சின்னவள் ஆய்வுக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள்.

"காலங்காத்தாலயே விசாரணையா? பல்லையாவது விளக்கிக்கிறேன்."

"ஊத்தினீங்களா, இல்லையா?"

"இல்ல. போன தடவை குறைஞ்சிருக்குன்னு கத்தினே. இப்ப நிறைஞ்சிருக்குன்னு கத்துறே. அது எப்படி இருந்தா உனக்குப் பிடிக்கும்னு ஒரு தடவை சொல்லிடு தாயே, அப்படியே இருக்கச் சொல்லிடுறேன்."

வீட்டு ஜன்னல் வழியாக அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏய் சின்னது, என் புருஷனைக் குளிக்கவாவது விடேன்."

சின்னவள் விடவில்லை. போன மாதச் சண்டையும் இப்படித்தான் ஆரம்பித்தது. எண்ணெய் இறங்கியிருப்பதைக் காட்டி, இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே கால் வைத்து ஓட்டுகிறீர்கள் என்று அவள் சொன்னாள். பிரேக் பிடிக்காமல் கைதட்டிக்கொண்டா இறங்குவார்கள் என்று அவர் கேட்டார். கியரைக் குறைத்து இறங்க வேண்டும், அதற்கு லைசென்ஸ் போதாது, மூளையும் வேண்டும் என்றாள் இவள். சாயங்காலம் வரை வீடு இரண்டுபட்டது. அக்கா உள்ளே போய் அழுதாள்.

இந்த முறை அது வளர்வதற்குள் அம்மா தேநீர் டம்ளரோடு நடுவில் வந்து நின்றாள்.

"நிறைஞ்சு இருந்தா நல்லதுதானே? நிறைஞ்சதைப் பார்த்து யாராவது மூஞ்சியைத் தூக்குவாங்களா?"

"நீ சும்மா இரும்மா. உனக்கு இது புரியாது."

அம்மா சும்மா இருந்தாள். அவள் பெரும்பாலும் அப்படித்தான்.

சின்னவள் மாநகரக் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். தெளிவாக இருப்பதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். அத்தான் குளிக்கப் போனதும் அவள் அக்காவின் அலமாரியைத் துழாவி, சிவப்பு நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்தாள். தீர்ந்துபோய் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கிடந்தது. அதைச் சுரண்டிச் சுரண்டி, பிரேக் எண்ணெய்ப் பாட்டிலின் மூடியிலிருந்து பாட்டில் உடம்பு வரைக்கும் ஒரு மெல்லிய கோடு இழுத்தாள். மூடியை யாராவது திருகினால் கோடு இரண்டாகும். திருகிய கை எவ்வளவு பூனைக் கையாக இருந்தாலும் மறுபடி அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்த முடியாது.

புதன்கிழமை வேலையிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் முன்மூடியைத் தூக்கினாள். கோடு இரண்டாகியிருந்தது. மேல்பாதி தோள் விலகினாற்போலத் தள்ளி நின்றது. எண்ணெய் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முன்மூடியின் பூட்டை விடுவிக்கும் நெம்புகோல் காருக்குள்ளே. காரின் சாவி வீட்டுக்குள்ளே, கதவோரக் கொக்கியில். அப்படியானால் வெளியாள் இல்லை. வீட்டிலிருப்பது நான்கு பேர். அக்காவுக்குத் தன் காலே தெரியாத வயிறு, குனிந்து எதைத் திருகப் போகிறாள்? அம்மாவுக்கு ரேடியோவைத் திருப்பவே ஆள் வேண்டும். மிச்சம் யார்?

அன்றிலிருந்து அத்தான் தும்மினாலும் சின்னவள் காரணம் தேடினாள். தேடினால் கிடைக்காமலா போகும்? எப்போதும் வலப்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்துகிறவர் இப்போது இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துகிறார். போன் வந்தால் குரலைத் தாழ்த்துகிறார். "நாளைக்கு வர்றேன், வீட்டுக்கு மட்டும் போன் பண்ணாதீங்க," என்று அவர் சொன்னதை அவள் காதாலேயே கேட்டாள். மடியில் கனமில்லாதவன் ஏன் வழியில் பயப்படுகிறான்? பிரேக் கட்டையைத் தேய்த்துத் தீர்த்துவிட்டு, அது வெளியே தெரியாமல் எண்ணெயை ஊற்றி மறைக்கிறார். சண்டைக்குப் பயந்து பெண்டாட்டியின் உயிரோடு விளையாடுகிறார். இதை அக்காவிடம் சொல்லவும் முடியாது, நிறைமாதக்காரி. சொல்லாமல் இருக்கவும் முடியாது. பாம்பென்று தாண்டவும் முடியாமல், பழுதென்று மிதிக்கவும் முடியாமல் மூன்று பேருக்கும் தேநீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு திரிந்தாள்.

சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடிந்தது. பஸ் மெக்கானிக் கடையைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகத் தங்கள் கார் தெரிந்தது. அதன் இடப்பக்கத்தில் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தன. ஒன்று அத்தான். இன்னொன்று, வெயில் மழை எதற்கும் தொப்பியைக் கழற்றாததால் தொப்பிக்காரர் என்றே பேர் வாங்கிவிட்ட மெக்கானிக். அடுத்த நிறுத்தத்தில் குதித்து, வந்த வழியே ஓடினாள்.

"கையும் களவுமா மாட்டினீங்களா?"

அத்தான் திரும்பினார். முகம் வெளுத்துத்தான் போனது. அவர் கையில் இடப்பக்கக் கண்ணாடி இருந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர்கள் தொங்கின.

"தூண்ல உரசிட்டேன்," என்றார். "நீ பார்க்குறதுக்குள்ள மாட்டிடலாம்னு நினைச்சேன். போதுமா?"

தொப்பிக்காரர் சிரிப்பை அடக்கினார். "நாலு நாளா ஒட்டு டேப்பு போட்டு ஓட்டியிருக்காரும்மா. உனக்குப் பயந்து."

சின்னவள் தொங்கிய ஒயர்களைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் அவள் சுலபத்தில் விடுகிற ஜாதி இல்லை. ஒரு பொய் வெளியில் வந்தால் இன்னொன்று உள்ளே இல்லை என்று எவன் சொன்னான்?

"கண்ணாடி இருக்கட்டும். பிரேக் ஆயிலைப் பாருங்க."

"நிறைய இருக்கேம்மா."

"அதனாலதான் பாருங்கன்னு சொல்றேன்."

தொப்பிக்காரர் பேனாபோன்ற ஒரு கருவியை எடுத்துவந்தார். அதன் முனையை எண்ணெயில் முக்கினால், நல்ல எண்ணெய்க்குப் பச்சை விளக்கு எரியும், தண்ணீர் கலந்திருந்தால் சிவப்பு. முக்கினார். சிவப்பு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி முக்கினார். மறுபடியும் சிவப்பு. தொப்பியைக் கழற்றினார். அந்தத் தலையில் முடி இருப்பதை அன்றைக்குத்தான் சின்னவள் பார்த்தாள்.

"யாரு இதுல தண்ணி ஊத்தினது?"

அவர் ரேடியேட்டர் பாட்டிலையும் முகர்ந்து பார்த்தார். "இதுலயும்தான். பச்சைக் கூலண்ட் ஊத்த வேண்டிய இடத்துல வெறும் தண்ணியாவே ஊத்தி வெச்சிருக்கு."

"இப்ப சொல்லுங்க அத்தான்."

"என்னத்தைச் சொல்ல?"

"வாரம் பூரா வண்டி உங்ககிட்ட. சாவி உங்ககிட்ட. கண்ணாடியை மறைக்கத் தெரிஞ்சவருக்கு இதை மறைக்கத் தெரியாதா? ஆயில் வாங்கக்கூட சோம்பேறித்தனம், குழாயைத் திறந்து ஊத்தியிருக்கீங்க."

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தான் கண்ணாடியைக் கீழே வைத்தார். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகப் பதில் வைத்திருக்கிறவர், இந்தத் தடவை மெதுவாகக் கேட்டார்.

"என் பெண்டாட்டியும் பிள்ளையும் போற வண்டில நான் தண்ணி ஊத்துவேனா? என்னை அப்படித்தான் நினைக்கிறியா, சின்னவளே?"

அப்படித்தான் நினைத்தாள். ஆனால் கேட்ட குரலில் கள்ளம் இல்லை. அது அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. அவர் இல்லையென்றால் யார்?

பழைய எண்ணெயை நாலு சக்கரத்திலிருந்தும் வடித்து, உள்ளே துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்து, புது எண்ணெய் ஏற்றத் திங்களாகிவிடும் என்றார் தொப்பிக்காரர். "எஞ்சின் ஆயில் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கு. அதுல யாரும் கைவைக்கல," என்றும் சொன்னார்.

"அதுக்குள்ள அவளுக்கு வலி வந்துட்டா?" என்றார் அத்தான்.

"இந்த வண்டி ஒரு அடி இறங்கக் கூடாது." சின்னவள் சாவியைப் பிடுங்கித் தொப்பிக்காரர் கையில் வைத்தாள்.

இருவரும் ஏற்றத்தில் நடந்தார்கள். அவர் தெருவின் அந்த ஓரம், இவள் இந்த ஓரம். தொப்பிக்காரர் கடைசியாகச் சொன்னது அவளுக்குள் உருண்டுகொண்டே வந்தது. எண்ணெய்க் கம்பியை உருவினால்தான் எஞ்சின் எண்ணெய் தெரியும். அதில் யாரும் கைவைக்கவில்லை. கைவைத்தது வெளியிலிருந்து பார்த்தாலே அளவு தெரிகிற பாட்டில்களில் மட்டும். வண்டியைத் தெரிந்த ஒருவன் தப்பை மறைக்க நினைத்தால் எல்லாவற்றையும்தானே நிரப்புவான்? இந்த ஆளுக்கு வண்டி தெரியாது. பாட்டிலும் கோடும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து, கையில் ஒட்டிய கறையைக் கழுவச் சமையலறைக் குழாயைத் திறந்தாள். பாத்திரம் துலக்கும் சோப்புப் பாட்டிலைக் கவிழ்த்தாள். கழுத்து வரை நிறைந்திருந்த பாட்டில். கையில் விழுந்தது நீர். தேய்த்தால் நுரையே இல்லை. எப்போதும் அப்படித்தான். "நம்ம வீட்டு சோப்புக்கும் மழைக்கும் என்ன வித்தியாசம், மழையில கொஞ்சம் நுரை வரும்," என்று அவளே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள். ஷாம்பு பாட்டிலும் குறையாது. தரை துடைக்கும் திரவமும் குறையாது. அம்மா இருக்கும் வீட்டில் எந்தப் பாட்டிலும் குறைந்ததில்லை.

தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடியிருக்கிறாள்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். சின்னவள் குழாயை மூடினாள்.

"அம்மா. கார்ல இருக்கிற பாட்டில்ல தண்ணி ஊத்தினியா?"

அம்மா மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"ஆமா. குறைஞ்சிருந்துச்சு."

"ஏம்மா?"

"குறைஞ்சா நீ சத்தம் போடுறே. அவர் பதிலுக்குச் சத்தம் போடுறார். அவ உள்ள படுத்து அழுறா, இந்த நேரத்துல. ஒரு டம்ளர் தண்ணில அடங்குற சண்டைதானேன்னு நினைச்சேன். நீ திறக்குறதைப் பார்த்துத்தான் திறந்தேன். அப்புறமும் ஒரு துளி இறங்கினா ஊத்தி வெச்சேன்."

"அது தண்ணி ஊத்துற பாட்டில் இல்லம்மா."

"மஞ்சளா இருந்துச்சு. ஊத்தினா கலந்துக்கிச்சு. சோப்பும் அப்படித்தானே." அம்மா அடுப்பைத் தணித்தாள். "நான் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்த ஆபீஸ்ல ஒரு சூப்பர்வைசரம்மா இருந்தா. தினம் காலையில வந்து ஒவ்வொரு சோப்புப் பாட்டிலா குனிஞ்சு பார்ப்பா. கோட்டுக்குக் கீழ போயிருந்தா எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேப்பா. புது சோப்பு தர மாட்டாங்க, பாட்டிலும் குறையக் கூடாது. நாங்க என்ன பண்ணுவோம்? ஊத்தி வெச்சிடுவோம்." கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ ஞாயித்துக்கிழமை குனிஞ்சு பார்க்கும்போது அதே முதுகு."

கோபத்துக்கு எப்போதும் ஒரு விலாசம் வேண்டும். சின்னவளிடம் கோபம் இருந்தது, விலாசம் இல்லை. அந்தச் சோப்புப் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் அம்மா அவளைப் படிக்கவைத்தாள். படித்து முடித்து வந்தவள் அம்மாவின் வாசலிலேயே குனிந்து கோடு பார்க்கும் சூப்பர்வைசராகியிருக்கிறாள்.

ஆனாலும் சொல்லாமல் விடக்கூடிய விஷயம் இல்லை இது. அம்மாவை உட்காரவைத்துச் சொன்னாள்.

"இறக்கத்துல பிரேக் மிதிக்க மிதிக்கச் சூடேறும்மா. அந்த எண்ணெய் சூடு தாங்கும். தண்ணி தாங்காது, கொதிச்சு ஆவியாயிடும். அப்புறம் மிதிச்சா கால் தரை வரைக்கும் போகும். வண்டி நிக்காது."

அம்மா ஜன்னல் வழியே கீழே இறங்கும் தெருவைப் பார்த்தாள். "பெரியவ போகும்போதா?" என்று மட்டும் கேட்டாள். அடுப்பில் இருந்தது தீய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் எழவில்லை.

எழவைத்தது அக்காவின் குரல்தான். முதலில் முனகல். பிறகு தெருவுக்கே கேட்கும் ஓர் அலறல்.

அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, வெறும் வாசலைப் பார்த்துத் திரும்ப ஓடிவந்தார். "வண்டி இல்ல. நீதான் குடுத்துட்டு வந்தே. இப்ப என்ன பண்ணப் போறே?"

சின்னவள் தொப்பிக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். பழுதான வண்டிகளை இழுத்துவரும் தன் வேனை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். அக்காவைக் கைத்தாங்கலாக முன்சீட்டில் ஏற்றினார்கள். சின்னவள் ஏறாமல் வேனின் முன்னால் போய் நின்றாள்.

"மூடியைத் திறங்க."

"இது மெக்கானிக் வண்டிம்மா."

"அதனாலதான் கேக்குறேன். வைத்தியன் வீட்லதான் மருந்து இருக்காது."

"ஏய், உன்னைக் கொன்னுடுவேன்," என்று அக்கா உள்ளேயிருந்து பல்லைக் கடித்தாள். "பிள்ளை இங்கேயே வந்துடும்."

தொப்பிக்காரர் மூடியைத் தூக்கினார். சின்னவள் குனிந்தாள். பாட்டில் அழுக்குப் பிடித்திருந்தது. எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவே, ஒழுங்காக, தேய்ந்த கட்டைக்குத் தக்கபடி இறங்கியிருந்தது.

"குறைஞ்சிருக்கு," என்றாள். "போகலாம்."

பின்சீட்டில் அத்தான், அம்மா, சின்னவள் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டார்கள். கியரைக் குறைத்து, உறுமலோடு வேன் வளைவுகளில் இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அம்மாவின் கால் தன்னையறியாமல் தரையை அழுத்துவதைச் சின்னவள் கண்டாள்.

"அத்தான், தண்ணி ஊத்தினது நீங்க இல்ல."

"அது எனக்கு முன்னாடியே தெரியும்," என்றார் அவர். "யாரு?"

அம்மாவின் கை புடவை முந்தானையைச் சுருட்டியது.

"வண்டி தெரியாத ஆள். இனிமே ஊத்த மாட்டாங்க. கடையில அத்தனை பேர் முன்னாடி நான் கேட்டது தப்பு."

அத்தான் அம்மாவின் காலைப் பார்த்தார். அது மறுபடியும் தரையை அழுத்தியது. அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடிவாரம் வந்து, ஆஸ்பத்திரி வாசலில் வேன் ஒரு குலுக்கலுமின்றி நின்றது. பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அதுவும் வந்த உடனே கத்தியது. "சித்தி ஜாடை," என்றார் அத்தான்.

அடுத்த ஞாயிறு சின்னவள் முன்மூடியைத் தூக்கியபோது அம்மாவைப் பக்கத்தில் நிற்கவைத்தாள். புதுக் கட்டை, புது எண்ணெய், மேல்கோடு. "இது போகப் போக இறங்கும். இறங்கினா என்கிட்ட சொல்லு. நான் சத்தம் போட மாட்டேன்."

"போடுவே."

"போடுவேன். ஆனா ஊத்தாதே."

பிறகு ஓரமாக இருந்த பெரிய பாட்டிலைத் தொட்டுக் காட்டினாள். முன்கண்ணாடியில் நீரடிக்கும் பாட்டில். "இது உன்னோடது. இதுக்குத் தண்ணிதான். எவ்வளவு வேணும்னாலும் ஊத்திக்கோ." அம்மா குனிந்து, அது பாதிதான் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, அந்த க்ஷணமே குடத்துக்குப் போனாள்.

அவள் முதுகு மறைந்ததும் சின்னவள் அக்காவின் அலமாரிக்குப் போனாள். பாசம் வேறு, கோடு வேறு. பிரேக் எண்ணெய் மூடிமேல் ஒரு கோடு இழுத்துவைத்துவிட்டால் ராத்திரி தூக்கம் வரும். நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்தாள். போன தடவை அடியில் சுரண்டி எடுத்த பாட்டில்.

கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது.